கதவு சொன்ன சேதி

மலைநாட்டைப் பார்த்து வருவோம் என்று புறப்படும் நம்மவர்கள், நுவரெலியாவின் குளிரையும் பதுளைப் பக்கத்து அருவிகளையும் கண்டு களித்துத் திரும்புவது வழக்கம். சபரகமுவ மாகாணம் அவர்களுக்கு வழியில் கடந்து போகும் ஊர்களின் வரிசை மட்டுமே. இரத்தினபுரி என்றதும் மாணிக்கக் கற்கள் நினைவுக்கு வரும். கேகாலை என்றதும் பின்னவலை யானைகள் நினைவுக்கு வரும். இவ்விரு மாவட்டங்களின் மலைச்சரிவுகளில், தேயிலைக்கும் றப்பருக்கும் இடையே, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் நம் நினைவுக்கு வருவது அரிது. அத்தகையதொரு குடும்பத்தாருடன் இரண்டு நாள் தங்கியிருந்தபோது, அவர்கள் வீட்டுக் கதவொன்றிடம் நான் கற்ற பாடத்தை இங்கு எழுத முற்படுகிறேன். கதவிடம் பாடம் கற்பதா என்று நேயர்கள் நகைக்க வேண்டா. முழுவதையும் படித்த பின்னர் நகைப்பதற்கு மனம் வராது.

மழையினூடே ஒரு பயணம்

2025ஆம் ஆண்டு மே மாதம், வெசாக் விடுமுறை. முன்பு என்னிடம் கணிதம் படித்து, இப்போது தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராக இருக்கும் இளைஞர் ஒருவர், "எங்க வீட்டுக்கு ஒரு தடவையாவது வந்துட்டுப் போங்க, சேர்" என்று பல காலமாக அழைத்துக்கொண்டிருந்தார். அவ்வழைப்பை ஏற்றுப் புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். தெருவோரம் எங்கும் வெசாக் கூடுகள் தொங்கின. ஹங்வெல்லையைக் கடந்ததும் காற்றில் ஈரம் கூடிற்று.

அவிசாவளையில் அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தமையால், பெரண்டி கோயிலின் இடிபாடுகளைச் சென்று பார்த்தேன். 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராஜசிங்கன் வைரவருக்கென எடுப்பித்த ஆலயம் அது என்பது மரபு. இன்று அங்கே கூரையில்லை, கதவில்லை, கருங்கல் அடித்தளமும் அதன் சிற்ப வேலைப்பாடுகளுமே எஞ்சி நிற்கின்றன. ஒரு கட்டடத்தில் கடைசிவரை நிலைப்பது அதன் அடித்தளந்தான் போலும் என்று எண்ணிக்கொண்டே திரும்பினேன். அவ்வெண்ணம் மறுநாளே எனக்குப் பயன்படும் என்பதை அப்போது அறிந்தேனல்லேன்.

அவிசாவளையிலிருந்து கரவனெல்லை, அங்கிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்குச் செல்லும் பாதை. இருமருங்கும் றப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. பால்வெட்டும் கத்தி இழுத்த சாய்ந்த கோடுகளின் கீழே சிரட்டைகள் கட்டப்பட்டிருந்தன. மழை நாளாதலால் பால்வெட்டு இல்லை. சிரட்டைகளில் மழைநீரே நிறைந்திருந்தது. மேலே ஏற ஏற றப்பர் விலகித் தேயிலை தலைகாட்டிற்று.

இப்பகுதியின் மழையைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,300 மில்லிமீற்றர். இரத்தினபுரியிலோ அது 3,500 மில்லிமீற்றருக்கும் மேல். தென்மேல் பருவக்காற்று மே மாதக் கடைசியில் இம்மலைகளின் மீது மோதி, சுமந்துவந்த நீரையெல்லாம் இங்கேயே இறக்கிவைத்துவிட்டுச் செல்கிறது. செழிப்புக்கும் அதுவே காரணம். துயரத்துக்கும் அதுவே காரணம்.

கடைசிக் காம்பரா

பஸ்ஸை விட்டிறங்கிக் குடையும் பையுமாக ஒரு மைல் ஏறியதும் லயம் தென்பட்டது. தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டா. ஆங்கிலேயர் காலத்தில், தொழிலாளரைக் குடியிருத்துவதற்காக ஒரே கூரையின் கீழ் அறைகளை வரிசையாக அடுக்கிக் கட்டிய கட்டடமே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதுவே ஒரு குடும்பத்தின் உலகம். நல்ல நிலத்தைப் பயிருக்கு ஒதுக்கிவிட்டு, மலைச்சரிவை வெட்டித் தட்டாக்கி, அத்தட்டில் லயத்தை எழுப்புவது அந்நாளைய வழக்கம். ஆகவே, பல லயங்களுக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு சுவர்போல நிற்கும்; முன்னால் பள்ளம் இறங்கும்.

என் மாணவருடைய வீடு அந்த வரிசையின் கடைசிக் காம்பரா. அவருடைய பாட்டனார் காலத்தில் பக்கச்சுவரில் ஒரு வாயில் திறந்து, வெளியே ஒரு சமையலறையை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கச்சுவர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிச் செல்லும் சுவர் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாயிலில் பலாப் பலகைகளை நெடுக்காக நிறுத்திச் செய்த ஒரு கதவு. பாட்டனாரே செய்ததாம்.

"வாங்க சேர், வாங்க. நல்லா நனைஞ்சிட்டீங்களே!" என்று தகப்பனார் வரவேற்றார். அறுபது வயதைத் தாண்டியவர். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சற்று நேரத்தில் சமையலறைப் பக்கம் தடால் என்றொரு சத்தம். ஒரு கையில் சாயத்தண்ணிக் கோப்பைகள் ஏந்திய தட்டுடன், மறு தோளால் கதவை முட்டித் திறந்துகொண்டு வீட்டுக்கார அம்மாள் வந்தார். கோப்பையில் பாதி தட்டில் சிந்தியிருந்தது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"மழை வந்தா இந்தக் கதவு இப்படித்தான் சேர். வருசா வருசம் கொஞ்சம் சீவி விடுவோம். இந்தத் தடவ தம்பி புதுச் சீவுளியே வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார் தகப்பனார். மகன் அவிசாவளையில் வாங்கிய சீவுளியைக் கொண்டுவந்து காட்டினார்.

"நாளைக் காலையில் சீவலாம். அதற்கு முன் கொஞ்சம் அளந்து பார்ப்போம்" என்றேன் நான். கணிதம் கற்பிப்பவனுக்கு அளக்காமல் எதிலும் கைவைக்க மனம் வராது.

கதவு இறுகுவது எதனால்?

கதவொன்று இறுகுவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. எவர் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, பிணைச்சல் தளர்தல். கதவைப் பாதி திறந்து, கைபிடியைப் பற்றி மேலே தூக்கிப் பாருங்கள். கதவு மேலும் கீழும் அசைந்தால் பிணைச்சலின் திருகாணிகள் பிடி விட்டிருக்கின்றன என்பது பொருள். அப்போது பூட்டுப் பக்கம் தன் பாரத்தால் தொங்கும். கீழ்மூலை தரையை உரசும். தரையில் பிறைபோல ஒரு கீறல் விழுந்திருக்கும். மருந்து எளிது. திருகாணியைக் கழற்றி, அத்துளையில் பசை தடவிய மூங்கிற் குச்சிகளை இறுக்கி அடித்து, உலர்ந்தபின் சமமாக நறுக்கிவிட்டுத் திருகாணியை மீண்டும் முறுக்கினால் போதும். கதவைச் சீவ வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது, மரம் ஊதுதல். ஈரக்காற்றில் மரம் நீரை உறிஞ்சிப் பருக்கும். ஆனால், எல்லாத் திசையிலும் ஒரேயளவாகப் பருப்பதில்லை. நாரின் குறுக்கே நன்றாக விரியும். நாரின் நெடுக்கே நீளுவது இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆகவே, பலகைகளை நெடுக்காக நிறுத்திய கதவு மழைக்காலத்தில் அகலத்தில் வளரும், உயரத்தில் வளராது. உரசல் பூட்டுப் பக்கத்து விளிம்பு முழுவதும் இருக்கும். நிலையின் உள்விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் திறந்தால், உரசும் இடம் கதவில் வெள்ளையாகப் பதிந்து தெரியும். இக்கதவை மழை நாளில் அவசரப்பட்டுச் சீவினால், தை மாதத்து வெயிலில் பலகை சுருங்கிப் பெருவிரல் நுழையும் இடைவெளி விழும். வெயில் காலத்தில் மெல்லச் சீவி, எல்லாப் பக்கமும் வர்ணம் பூசுவதே முறை. குறிப்பாக, கதவின் தலையும் அடியும் வர்ணமின்றி விடப்படுவதுண்டு. நார்களின் வாய் திறந்திருப்பது அங்கேதான். ஈரம் விரைவாக ஏறுவதும் அவ்வழியேதான்.

மூன்றாவது, நிலை கோணுதல். இங்கே கதவின்மேல் பிழையில்லை. அதைத் தாங்கும் நிலைச்சட்டம் வடிவம் மாறிவிட்டது. இதை அறிவதற்கு ஓர் அளவு நாடா போதும். நிலையின் உட்புறத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளக்க வேண்டும். மற்ற இரு மூலைகளுக்கும் அவ்வாறே அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாயின் நிலை செவ்வகம். சமமற்றவையாயின் அது சரிந்த இணைகரம். எட்டாம் வகுப்பு மாணவனும் அறிந்த கேத்திரகணிதம் இது.

அளவு காட்டிய உண்மை

மறுநாட் காலை மழை சற்று ஓய்ந்திருந்தது. மூவருமாகக் கதவருகே உட்கார்ந்தோம். கைபிடியைப் பற்றித் தூக்கினேன், அசைவில்லை. பிணைச்சல் உறுதியாக இருந்தது. சுண்ணக்கட்டியைத் தேய்த்துச் சாத்தித் திறந்தோம். பூட்டுப் பக்கத்து விளிம்பில் ஒன்றுமில்லை. தலையின் மூலையில், பூட்டுப் பக்கமாக, ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை அழுந்தப் பதிந்திருந்தது. நேர் கீழே தரைக்கும் கதவுக்கும் இடையிலோ, ஒரு விரல் நுழையும் சந்து.

மாணவர் என் முகத்தைப் பார்த்தார். தொங்குகின்ற கதவு கீழேதான் இறங்கும். தானாக மேலே ஏறாது. ஊதுகின்ற பலகை அகலத்தில்தான் விரியும், உயரத்தில் விரியாது. அப்படியாயின் பூட்டுப் பக்கம் மேலே ஏறியது எங்ஙனம்?

நிலையை அளந்தோம். உயரம் ஆறடி, அதாவது 72 அங்குலம். அகலம் இரண்டரையடி, அதாவது 30 அங்குலம். ஐந்து, பன்னிரண்டு, பதின்மூன்று என்ற விகிதத்தில் அமைந்த முக்கோணம் அது. மூலைவிட்டம் சரியாக 78 அங்குலம் இருத்தல் வேண்டும். அங்கு வந்ததோ, ஒன்று 78க்கு மேலே ஏறக்குறைய கால் அரைக்கால் அங்குலம், மற்றொன்று 78க்குக் கீழே அதே அளவு. வித்தியாசம் முக்கால் அங்குலம். கணக்கிட்டால் நிலையின் தலை, பாதத்தை விட ஏறக்குறைய ஓர் அங்குலம் விலகி நிற்கிறது. நூலில் ஒரு கல்லைக் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டேன். அதுவும் அதையே சொல்லிற்று. விலகிய திசை பள்ளத்துப் பக்கம். பிணைச்சல் இருந்ததும் அப்பக்கமே. நிலை பள்ளத்தை நோக்கிச் சாய, அதனோடு சாய்ந்த கதவின் மறுபக்கம் மேலே எழும்பியிருக்கிறது!

கதவைக் கழற்றித் திண்ணையில் கிடத்தினோம். பிணைச்சல் பக்கத்து உயரத்தை விடப் பூட்டுப் பக்கத்து உயரம் அரை அங்குலத்துக்குச் சற்றே குறைவாக இருந்தது. பாட்டனார் கோணலாகவா செய்தார்? இல்லை. வருடந்தோறும் "கொஞ்சம் சீவி விட்ட" கணக்கு அது. பல மழைக்காலங்களாகச் சுவர் நகர்ந்து வந்த கதையைச் சீவுளி அந்தப் பலாப் பலகையில் எழுதி வைத்திருந்தது, படிப்பாரில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் பழமொழி. அன்று அந்த வீட்டில் பழமொழி தலைகீழாயிற்று. ஆடுகிறவள்மேல் குற்றமில்லை, கூடமே கோணல்.

மேனாடுகளில், சக்கரங்களின் மேல் வீடமைத்து ஊர் ஊராக ஓட்டிச் செல்வோர் உண்டு. அவ்வண்டி சமமற்ற நிலத்தில் நின்றால் உள்ளறைக் கதவு இறுகிக்கொள்ளும். விவரம் அறிந்தவர் கதவைச் சீவமாட்டார். தாழ்ந்த சக்கரத்தின் கீழே பலகை வைத்து வண்டியைச் சமன் செய்வார். அல்லது வேறிடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். லயத்துக்குச் சக்கரம் இல்லை. அதில் வாழ்பவர்களுக்கு, விரும்பிய இடத்தில் வீட்டை நிறுத்தும் உரிமையும் இல்லை.

வீட்டின் பின்புறம்

பின்னர், வெளியே சென்று பார்த்தோம். நிலையின் மேல்மூலையிலிருந்து சுவரில் படிக்கட்டுப்போல ஒரு விரிசல் ஏறிச் சென்றது. பழைய விரிசலாயின் உள்ளே தூசியும் சிலந்திக் கூடும் இருக்கும். இதன் ஒரு பகுதியில் அவை இருந்தன. மேற்பகுதியோ புதிதாய் உடைத்த தேங்காய்போல வெள்ளையாக இருந்தது. பின்மேட்டில் வேலிக் கட்டைகள் பள்ளத்தை நோக்கித் தலைகுனிந்து நின்றன. மேட்டின் அடியில், முன்பு இல்லாத இடத்தில், கலங்கிய நீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே மழைநீரைக் கொண்டுசெல்ல வெட்டிய கான் மண்ணும் சருகும் மூடித் தூர்ந்துபோயிருந்தது. ஓடிப்போக வேண்டிய நீரெல்லாம் மலைக்குள் இறங்குகிறது. மண்துகள்களின் இடைவெளியில் நீர் நிறைந்தால், மண்ணின் பாரம் கூடும். துகளும் துகளும் பற்றிக்கொண்டிருக்கும் பிடியோ குறையும். சரிவு மெல்ல மெல்ல நகரத் தொடங்கும். பின் ஒருநாள் மெல்ல நகராது.

தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "பதினாறாம் வருசம் இப்படித்தான் சேர், இதே வெசாக் மாசம்" என்றார்.

அவர் சொன்னது 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதியை. அன்று இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களின் மீது இறங்கிற்று. இறந்தோரும் காணாமற் போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை அது கொண்டுசென்றது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனவில் தோட்டக் குடியிருப்பின்மீது மண் சரிந்து, அங்கு உறங்கிய தமிழ்க் குடும்பங்களை மூடிற்று. அதற்கு முன்பு, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாடே அறியும். அங்கு நிலம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடந்தான் இருக்கவில்லை.

அறிகுறிகளும் அளவுகளும்

நம் நாட்டில் மண்சரிவைப் பற்றி ஆராய்ந்து எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், மரங்களும் கம்பங்களும் சாய்தல், திடீரென ஊற்றுத் தோன்றுதல், இருந்த ஊற்று மறைதல், நீர் கலங்கி வருதல் ஆகியவை அபாய அறிகுறிகள். கதவுகளும் சன்னல்களும் காரணமின்றி இறுகுவதும் அவற்றுள் ஒன்று. நாம் நகைத்துவிட்டுச் சீவுளியைத் தேடும் அதே கதவுதான்!

மழையின் அளவும் முக்கியம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றராயின் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலும், ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் கொட்டினாலும், ஆபத்துப் பகுதியை விட்டு அகன்றுவிட வேண்டும். மூன்று, நான்கு, ஆறு அங்குலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு பால்மாத் தகரத்தை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, உள்ளே நிற்கும் நீரை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையின் அளவு.

இங்கு ஓர் எச்சரிக்கை. கதவு இறுகாத வீடு பாதுகாப்பான வீடு என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. எந்த அறிகுறியும் காட்டாமலே சரிந்த மலைகளும் உண்டு. இறுகிய கதவெல்லாம் மண்சரிவின் தூதன் என்பதும் இல்லை. ஆனால், காரணத்தை அறியாமல் அறிகுறியைச் சீவி எறிவது மட்டும் கூடாது.

நாங்கள் செய்தவை

கதவைச் சீவாமலே மீண்டும் மாட்டினோம். அதற்கு முன் தூர்ந்த கானை அயல் வீட்டாரும் சேர்ந்து அன்றே வெட்டித் துப்புரவாக்கினர். விரிசலின் இருபுறமும் பென்சிலால் இரண்டு புள்ளிகள் குறித்து, அவற்றின் இடைவெளி சரியாக 100 மில்லிமீற்றர் இருக்குமாறு செய்தோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவருடைய தங்கை, அதை வாரந்தோறும் அளந்து கொப்பியில் எழுதும் பொறுப்பை ஏற்றாள். மழைத் தகரமும் அவள் வசமே. கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் மாணவர் எழுத்தில் அறிவித்தார்.

மூன்று வாரத்துக்குப் பின் தங்கையின் கொப்பியில் 103 என்ற எண் பதிந்தது. நிறுவனத்து உத்தியோகத்தர் வந்து பார்த்தார். மேட்டை ஒட்டிய கடைசி நான்கு காம்பராக்களில் கனமழை நாட்களில் எவரும் உறங்கக் கூடாது என்று சொல்லிச் சென்றார். எங்கே உறங்குவது? தோட்டத்துப் பிள்ளை மடுவத்தைத் திறந்து கொடுத்தார்கள். தகரத்தில் 75 மில்லிமீற்றர் தெரிந்தால் நான்கு குடும்பங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்விட வேண்டும் என்று தமக்குள் ஒரு சட்டம் செய்துகொண்டார்கள். காலையில் ஒருவரையொருவர் காணும்போது, "சாப்பிட்டாச்சா?" என்பதற்குப் பதிலாக, "கதவு பிடிக்குதா?" என்று கேட்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டதாம்.

அந்த ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியதையும், மலைநாடெங்கும் மண் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் ஒருநாள் மாலையிலேயே தகரத்தில் மூன்று அங்குலம் ஏறிவிட்டது. சிறுமி சொன்னாள், பாய்கள் சுருட்டப்பட்டன. அன்றிரவு பின்மேடு சரிந்து, அந்தச் சமையலறையை நிரப்பிற்று. பக்கச்சுவர் உட்புறமாக விழுந்தது. அம்மாள் வழக்கமாகத் தலைவைத்துப் படுக்கும் இடம் அச்சுவரின் அடியில்தான். உயிர்ச்சேதம் இல்லை.

அக்குடும்பத்தார் இப்போது தற்காலிகக் குடியிருப்பில் இருக்கின்றனர். தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டம் பல ஆண்டுகளாகவே பேச்சிலும் செயலிலும் இருந்துவருகிறது. இந்திய அரசு மட்டும் 14,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. வீடு பெற்றவர் உண்டு. பெறாதவர் இன்னும் அதிகம். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவருக்கு அது பெருநிலம். ஆனால், அந்நிலம் நகராத நிலமாயும் இருத்தல் வேண்டும். சுவரைக் கட்டுமுன் மண்ணைச் சோதித்தறிவது வீட்டைக் கொடுப்போரின் கடமை; அதைக் கேட்டு வாங்குவது குடியிருப்போரின் உரிமை.

அண்மையில் மாணவரின் தகப்பனாரிடம் தொலைபேசியில் பேசினேன். சேற்றிலிருந்து அந்தப் பலாக் கதவை மட்டும் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாராம்.

"புது வீட்டு நிலைக்கு இது சேராது சேர். ஒரு பக்கம் அரை இஞ்சி குறையுது. ஆனாலும் விறகுக்குப் போட மனசு வரல. நாங்க வருசா வருசம் அது வாயை அடைச்சோம், அது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு" என்றார்.

மாணவச் செல்வங்களே! அடுத்த மழைக்கு முன், அளவு நாடாவை எடுத்து உங்கள் வீட்டு நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மலையடிவாரத்தில் வாழ்பவராயின் இன்றே செய்யுங்கள். எண் மாறினால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லட்டும். அவசரமாயின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கட்டும். சீவுளி எங்கும் ஓடிப்போகாது. கதவு சொல்லும் சேதியை முதலில் கேட்டுவிடுவோம்.